புதுச்சேரியில் பழைய தமிழ் வீடு: சீரமைக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு பழைய வீடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகப்பிரிவினையில் தாத்தா வீடு வந்திருக்கலாம். விடுதி நடத்த நீண்ட குத்தகைக்கு எடுத்திருக்கலாம். கட்டடக்கலை படித்து முடித்த கையோடு யாரோ உங்களை நம்பி வேலையை ஒப்படைத்திருக்கலாம். முதல் வாரத்திலேயே யோசனைகள் வரிசை கட்டும். இடித்துவிட்டு நாலு மாடி போடு என்பார் ஒருவர். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே கான்கிரீட் பெட்டி கட்டு என்பார் இன்னொருவர். சுவரை எல்லாம் சுரண்டிச் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டால் நூறு வருடத்துக்குக் கவலை இல்லை என்பார் மூன்றாமவர். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுங்கள். யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வீடுகள் மின்விசிறி வருவதற்கு முன்னால் கட்டப்பட்டவை. சித்திரை வெயில், கடலின் உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை ஆகிய மூன்றையும் மின்சாரம் இல்லாமலே சமாளிக்கிற ஏற்பாடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது இன்னும் கெடவில்லை. இடையில் வந்த யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள். எது எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திறந்துவிடுவதே வேலையில் பாதி. ‘பசுமைக் கட்டடம்’ என்று விளம்பரப்படுத்தும் பொருள்களை வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் தெருவில் நின்று பாருங்கள்

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்கள் 1690களில் டச்சுக்காரர்கள் கையில் ஊர் இருந்தபோது போட்ட திட்டத்திலிருந்து வந்தவை. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோடுகளின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். அதனால் உங்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அதன் வெயிலையும் காற்றையும் பாதி சொல்லிவிடும்.

நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, வைசியாள் வீதி போன்றவை கிழக்கு மேற்காக ஓடுபவை. இவற்றில் உள்ள வீடுகளின் முகப்பு வடக்கையோ தெற்கையோ பார்க்கும். நீளமான பக்கச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். காலை வெயிலையும் மாலை வெயிலையும் அண்டை வீடு மறைத்துவிடுகிறது. கடற்காற்று தெருவழியே நேராக உள்ளே வரும். மிஷன் வீதி, காந்தி வீதி போன்றவை வடக்கு தெற்காக ஓடுபவை. இங்கே முகப்பே கிழக்கையோ மேற்கையோ பார்ப்பதால் தெருப்பக்கத் தாழ்வாரம் போனால் வீடு அடுப்பாகிவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதம் நண்பகலில் அது சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கோடையில் உங்களைச் சுடுவது தெற்குச் சுவர் இல்லை, கூரை. வெயிலுக்கென்று செலவழிக்கக் குறைந்த பணமே இருந்தால் அதைக் கூரையில் போடுங்கள்.

வேலை தொடங்குமுன் ஒரு கோடையும் ஒரு மழையும் அந்த வீட்டில் இருந்துவிட முடிந்தால் அதைவிட நல்ல ஆலோசகர் கிடையாது. முடியாதவர்கள் ஒரு வாரம் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போய் உட்காருங்கள். பகல் ஏறியதும் கடற்காற்று எந்த வழியாக நுழைகிறது, ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சுவர் இரவு ஒன்பது மணிக்கும் கைக்குச் சுடுகிறது என்று வீட்டு வரைபடத்தின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பார்த்துப் பழக நல்ல வீடுகள் ஊரிலேயே உண்டு. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் நினைவில்லமாக இருக்கும் வீட்டுக்குள் போய்த் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். வைசியாள் வீதியை மெதுவாக நடந்து முடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சுர் லாட் ஆகிய நகரங்களைக் கூட்டாளிகளாகக் கொண்டு, மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையான இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை இந்தத் தெருவின் முகப்புகளை மீட்டெடுத்தது. 2008இல் இதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கீழே திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலும் கைப்பிடிச்சுவருமாகப் பிரெஞ்சு மாடி என்று இரண்டும் கலந்த வீட்டை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால் உங்கள் வீட்டில் எது அசல், எது பின்னால் ஒட்டியது என்று கண் தானாகப் பிரிக்கத் தொடங்கும்.

காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் நடுவேலையில் நிறுத்த வேண்டி வரும். வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நகர அமைப்புக் குழுமத்திலும் இன்டாக் கிளையிலும் கேளுங்கள். உள்ளே மாற்றலாமா, முகப்பைத் தொடலாமா, மாடி ஏற்றலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். கடலுக்குக் கிட்டத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும்.

இதோடு ஒரு வேலையை நீங்களாகவே செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் உள்ள பொதுச்சுவர்களை ஒவ்வொரு விரிசலும் தெரிய, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அண்டை வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு எடுத்தால் இன்னும் நல்லது. நாளைக்கு அவர் வீட்டை இடித்து அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது உங்கள் சுவர் வாய் பிளந்தால் அப்போது பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது?

பழைய வீட்டைக் கொல்வது வயது கிடையாது, தண்ணீர். 1870களின் தொடக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம் பல வருடம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு அதே சாயலில் புதிதாகக் கட்டினார்கள். அவ்வளவு பெரிய அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி. எனவே அழகுபடுத்தும் வேலை எதையும் தொடாமல் முதலில் தண்ணீரின் வழியைச் சரிசெய்யுங்கள்.

கணக்கு எளிது. ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்தது. அதே கூரைக்கு அது சுமார் 45,000 லிட்டர். உங்கள் மாடியில் மழைநீர் வெளியேற இரண்டே இரண்டு தூம்பு, அதில் ஒன்றில் அரசங்கன்று வேர் என்றால் அந்தத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான். மாடித் தூம்புகளைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுச் சரிவின் விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் தகர வாரி துருப்பிடித்திருக்கும், அதை மாற்றுங்கள். முற்றத்து மடையிலிருந்து தெரு வரை தரைக்கடியில் போகும் கால்வாயைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பழைய செங்கல் கால்வாய் பல வீடுகளில் கூடத்துக்கும் நடைக்கும் அடியிலேயே போகும். உள்ளே எங்கேயாவது உடைந்து, வருடக்கணக்கில் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும். சுவரடி ஈரத்துக்குக் கெமிக்கல் ஊசி போட வரச்சொல்லுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தெரு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் பல வீதிகளில் சாலை உயர்ந்துவிட்டது. மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடு இப்போது சாலையோடு சமமாக நிற்கிறது. சிலர் இதைச் சமாளிக்க வீட்டுத் தரையை இரண்டடி ரப்பிஷ் கொட்டி உயர்த்திவிடுகிறார்கள். கதவு குட்டையாகும், தூணின் அடிக்கல் புதையும், மரத்தூண் மண்ணைத் தொட்டால் கறையானுக்கு அழைப்பு வைத்த மாதிரி. வாசலில் கருங்கல் தடுப்பு ஒரு வரிசை வைத்து, உட்பக்கம் ஒரு நீர்க்குழி அமைத்து, தேவைப்படும் நாலு நாளைக்குப் பம்ப் போட்டு இறைப்பது எவ்வளவோ மேல்.

பின்கட்டில் கிணறு இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். ஊர் கடலோரம் என்பதால் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வருகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பின்னால் வரும் மாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். மேலே கொசுவலை போட்ட கம்பி மூடி அவசியம். டெங்கு இந்த ஊருக்குப் புதிதில்லை.

மச்சைத் தட்டிப் பார்ப்பது

மச்சு எனப்படும் மாடித்தளம் அநேகமாக மெட்ராஸ் டெரஸ். கீழே உத்திரம், அதன்மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தோடு அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. இந்தக் கனமான அடுக்கு பகல் வெப்பத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மெதுவாக விடும். அதனால்தான் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே சூடு தெரிவதில்லை. அந்த வெப்பம் இரவில் உள்ளே இறங்கும்போது முற்றம் வழியே அதை வெளியேற்ற வேண்டும், அதைப் பிறகு பார்ப்போம்.

சோதனைக்கு மரச் சுத்தியல் ஒன்றும் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் போதும். மாடியில் ஒரு முழத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. பொத்தென்று வெற்று ஒலி வந்தால் அடியில் தட்டோடு விட்டிருக்கிறது, சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். பிறகு கீழே இறங்கி ஏணி போட்டு, ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள் நுழைகிற முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். சட்டத்தின் நடுப்பகுதி இரும்பாக இருக்கும். கெடுவது அந்த முனைதான், ஈரச் சுவருக்குள் காற்றில்லாமல் கிடப்பதால். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது.

போன முனைக்காக முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஆசாரி கெட்ட பகுதியை அறுத்து, பழைய தேக்கிலேயே துண்டு சேர்த்து, இருபக்கமும் பட்டை வைத்து முடுக்கிக் கொடுப்பார். அல்லது சுவரை ஒட்டி ஒரு தாங்குகட்டை ஓடவிட்டு எல்லா முனையையும் அதன்மேல் உட்கார வைக்கலாம். பார்வைக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, செய்த பழுது பழுதாகத் தெரிவது நேர்மை.

செய்யவே கூடாதது இரண்டு. ஒழுகுகிற மச்சின் மேல் இன்னொரு அடுக்குச் சுண்ணாம்பு ஜல்லி போடுவது முதலாவது. மூன்று அங்குலம் போட்டாலே சதுர அடிக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏறும். சில வீடுகளில் மூன்று தலைமுறை மூன்று அடுக்குப் போட்டிருக்கும், அங்கே மேல் அடுக்குகளைக் கழற்றினாலே சட்டங்கள் நிமிர்ந்து மூச்சு விடும். இரண்டாவது, ‘பாதுகாப்புக்கு’ மேலே நாலு அங்குலக் கான்கிரீட் போடுவது. அது சதுர அடிக்கு இருபத்து மூன்று கிலோ. தண்ணீர்த் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழ்வரை இறங்கும் தடிச் சுவரின் தலைமேல் இரும்புச் சட்டம் குறுக்கே போட்டு நிறுத்துங்கள்.

கூரைச் சூட்டைக் குறைக்க நல்ல பாடம் ஊரிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். 1930களின் இறுதியில் ஜார்ஜ் நகாஷிமா கூடவே இருந்து கட்டினார். இந்தியாவின் தொடக்ககால நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதன் தட்டையான தளத்துக்கு மேல் வளைந்த ஓடுபோன்ற கான்கிரீட் வார்ப்புகளை அடுக்கி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டார்கள். வெயிலை மேலோடு வாங்கும், கீழ்த்தளம் நிழலில் இருக்கும். நம் மச்சுக்கு இதை மலிவாகச் செய்யலாம். தட்டோட்டின் மேல் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது முதல் படி. மூங்கில் தட்டிப் பந்தலோ, ஒன்றரை அடி உயர்த்திய சோலார் பலகைகளோ இரண்டாம் படி. சோலார் பலகையின் எடையை நல்ல நிலையில் உள்ள மச்சு தாங்கும். கால்களைத் துளைபோட்டு இறக்காமல் கனக்கட்டை வைத்து நிறுத்துங்கள், தெருவிலிருந்து தெரியாதபடி கைப்பிடிச்சுவரிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள்.

சுவரும் சிமென்ட்டும்

பெரும்பாலான சண்டை இங்கேதான் நடக்கும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். அடியிலிருந்து ஈரம் ஏறும், உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். இடுப்பளவு இருந்த ஈரம் தலையளவுக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லையே மாவாக உதிர்க்கும். வெளியில் பார்த்தால் பூச்சு கெட்டியாக நிற்கும். தட்டினால் பலகைபோல அப்படியே பெயர்ந்து வரும். பின்னால் இருந்த செங்கல்லில் பாதிதான் மிச்சம் இருக்கும்.

ஆகவே சிமென்ட் பூச்சு இருந்தால் முதலில் அடியிலிருந்து நாலடி உயரத்துக்காவது உளியால் மெதுவாக எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்வில் நல்ல பகுதியும் விடும். மூட்டுகளில் உள்ள உதிர்ந்த சாந்தைச் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வாரி அப்புறப்படுத்துங்கள். கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள். இந்தக் காத்திருப்புக்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

சுண்ணாம்பு வேலைக்கு முதல் தேவை சுண்ணாம்பு, அடுத்த தேவை கால அவகாசம். சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீற்றுங்கள். கொதித்து அடங்கியதும் சலித்து, தண்ணீர் மூடியபடி குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடுங்கள், கூட ஊறினால் இன்னும் நல்லது. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்ட தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம், பூச்சு வெடிப்பில்லாமல் இறுகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை மூன்று பங்கு ஆற்று மணல் என்பது தொடங்குகிற அளவு. உங்கள் மணலுக்கு எது சரி என்பதை ஒரு சதுர அடி மாதிரி பூசிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்கும் ஆகாது. மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காப்பாற்றுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

வேலை நடக்கும்போது மேஸ்திரி ஒரு நாள் சொல்வார்: “ஒரே ஒரு சட்டி சிமென்ட்டு சேத்துக்கலாம் சார், சீக்கிரம் புடிச்சிக்கும். யாருக்குத் தெரியப்போவுது?” அவர் ஏமாற்றவில்லை. அவர் பழகிய வேலை அது, அவருக்கு அடுத்த தளம் காத்திருக்கிறது. அதனால் கூலியைச் சதுர அடிக்குப் பேசாமல் நாள் கணக்குக்குப் பேசுங்கள். சதுர அடிக் கூலியில் சுண்ணாம்பு வேலை செய்பவருக்கு நஷ்டம்தான் வரும், சிமென்ட் தானாகக் கலவைக்குள் வந்துவிடும். வேலை நடக்கிற வரை சிமென்ட் மூட்டையை அந்தப் பக்கமே இறக்காதீர்கள்.

பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மேலே செய்த அத்தனையும் வீண். சுண்ணாம்பு வெள்ளையோ, காவியும் மஞ்சள் காவியும் கலந்த சுண்ணாம்பு வண்ணமோ அடியுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்த ஊர்தானே இது.

தரைக்கும் இதே நியாயம். பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் தரையை மூடிவிட்டால் அடியில் உள்ள ஈரம் சுவரைத் தேடிப் போகும். பழைய செங்கல் தளமோ, சிவப்பு ஆக்சைடோ, பூப்போட்ட கல்லோ இருந்தால் உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். பூப்போட்ட கல் இப்போதும் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்க்கிறார்கள். சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டே இறுக்குவதால் விறகுச் செலவும் கிடையாது.

முற்றத்தை மூடாதீர்கள்

சூடான காற்று மேலேறி முற்றம் வழியே வெளியே போகும், அது போன இடத்துக்குத் தெருப்பக்கத்திலிருந்து காற்று வந்து சேரும். வீட்டின் நுரையீரல் அதுதான். விடுதி நடத்துபவர்கள் மழைக்குப் பயந்து மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் கூடத்துக்கு இரண்டு டன் ஏசி வாங்குகிறார்கள். மூடியே ஆக வேண்டுமென்றால் ஓட்டு விளிம்புக்கு மேல் இரண்டடியாவது உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டுப் போடுங்கள். திருட்டுக்குப் பயம் என்றால் கம்பி, கொசுவுக்கு வலை. இரண்டும் காற்றை விடும்.

ஜன்னலில் மரச் சரப்பலகைகள் இருந்தால் அவற்றைக் கழற்றி வீசிவிட்டுக் கண்ணாடி போடத் தோன்றும். வேண்டாம். கதவை மூடியபடியே காற்றையும் மங்கிய வெளிச்சத்தையும் உள்ளே விட்டு, மழையையும் பார்வையையும் வெளியே நிறுத்தும் சாமான் அதைவிட மலிவாக எதுவும் வரவில்லை. கோல்கொண்டாவில் ஒரு முழுக் கட்டடத்தின் இரு பக்கமும் இப்படித் திறந்து மூடும் பலகைகளால் ஆனவை, ஜன்னலென்று தனியாகக் கண்ணாடி கிடையாது.

தினசரிப் பழக்கம் ஒன்றை வீட்டாருக்கோ விடுதி ஊழியருக்கோ சொல்லிவைக்க வேண்டும். கோடையில் காலை ஒன்பதுக்கு மேல் வெயில் பக்க ஜன்னல்களைச் சாத்துவது, இருட்டியதும் எல்லாவற்றையும் திறப்பது. பாட்டிகள் செய்ததுதான். இதைச் செய்யாமல் சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாழ்வாரமும் திண்ணையும்

தெருப்பக்கம் மரத்தூண்களின் மேல் ஓட்டுச் சரிவு இறக்கிய தாழ்வாரம் போவோர் வருவோருக்கு நிழலாக இருந்தது. கடை வைக்கவும் பைக் நிறுத்தவும் பல வீடுகளில் அதை இடித்துவிட்டார்கள். இன்டாக் 1990களில் எடுத்த கணக்கில் சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன, பின்னர் எடுத்ததில் 1,200க்கும் கீழே வந்துவிட்டது. தமிழர் பகுதி இழந்ததே அதிகம். தாழ்வாரம் உங்கள் முகப்புச் சுவரை வெயிலிலிருந்தும் சாரலிலிருந்தும் காக்கிறது, ஆகவே தெருவுக்குச் செய்யும் தர்மம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இடிந்திருந்தால் பழைய படம் தேடி, சுவரில் சட்டம் நுழைந்த துளைகளைப் பார்த்து உயரம் கணக்கிட்டு, அனுமதி வாங்கிக் கட்டுங்கள்.

பழைய தூணும் கதவும் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தேக்குச் சட்டம், கைமரம், ரீப்பர் எல்லாம் இடிப்புச் சாமான் கடைகளில் நன்றாகக் கிடைக்கும், தாராளமாக வாங்குங்கள், புது மரம் வெட்டுவது மிச்சம். ஆனால் செதுக்கிய செட்டிநாட்டுத் தூண்களைக் கொண்டுவந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த விலைக்காகவே அங்கே ஒரு வீடு இடிபடுகிறது, புதுச்சேரி வீட்டுக்கு அந்தத் தூண் பொருந்துவதும் இல்லை.

குளியலறை, ஏசி, வயர்

இதில் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை, இன்றைய வாழ்க்கைக்கு எல்லாம் வேண்டும். இடம் மட்டும் முக்கியம். குளியலறை, சமையலறை போன்ற ஈர அறைகளைப் பின்கட்டில் தரையோடு வையுங்கள், மச்சின் மேல் குளியலறை வேண்டவே வேண்டாம். பின்கட்டில் புதிதாகக் கட்டும் பகுதிக்கு ஆரோவில் மண் கட்டடக் கழகம் பல வருடமாகப் பயிற்சி கொடுத்துவரும் அழுத்திய மண்கல் நல்ல தேர்வு. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்துவது, சூளையே கிடையாது. ஊருக்குள் உங்கள் மனையின் மண் மணலாக இருக்கும் என்பதால் கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

ஏசி வேண்டுமென்றால் படுக்கையறை ஒன்றிரண்டுக்கு மட்டும் வைத்து, அந்த அறைகளின் இடுக்குகளை அடையுங்கள். கூடத்துக்கு மின்விசிறி போதும். வயர்களைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே குழாயில் நேர்த்தியாக ஓட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரில் கட்டிங் மெஷின் வைத்தால் வெட்டிய கோட்டோடு விரிசல் நிற்காது.

எந்த மாதம் எந்த வேலை

பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். தை, மாசியில் மாடித் தூம்பு, கால்வாய், கிணறு. சிமென்ட் பூச்சை எடுப்பதும் இதே சமயத்தில், அப்போதுதான் சுவருக்கு முழுக் கோடையும் கிடைக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை மரவேலையும் மச்சு வேலையும், வெயிலில் சட்டம் நன்றாகக் காய்ந்திருக்கும். இதே மாதங்களில் ஓரமாகத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கட்டும். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு பூச வேண்டாம், தண்ணீர் வேகமாக வற்றி வெடிக்கும். ஆடி, ஆவணியில் பூச்சு. புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, வாரி மாட்டி, மாடிக்கு வெள்ளையடித்து முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் சாரம் கட்டி நிற்கிற வீடு நனைந்து கெடும், கூலியும் வீணாகும்.

முதல் பெருமழை அன்று மேஸ்திரியையும் ஆசாரியையும் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள். எந்தத் தூம்பு நிரம்பி வழிகிறது, எந்தச் சட்டத்தின் முனையில் சொட்டுகிறது என்று மழை பெய்யும்போதே மூன்று பேருமாகச் சுண்ணக்கட்டியோடு சுற்றி வந்து குறித்துவிடுங்கள். வேலைக்கான கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கையில் வைத்திருப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.